ஒப்பேத்தல் படிப்பு

...கேள்வியையும் அவனே எழுதுவானாம், பதிலையும் அவனே எழுதுவானாம். இது எந்த ஊரு நாயம், நீங்களே சொல்லுங்க சார். நம்ம ஊர்ல கேள்வித்தாளு ஒரு நா முன்னாடி வெளிய வந்துட்டா போலீசு ஜீப்பு வருது. அமெரிக்காவுல என்னடான்னா பையன கூப்ட்டு, நீ என்னா படிக்கணும்னு நீயே எழுதி குடு ராசா, எத்தினி மாசம் படிப்பேன்னும் எழுதி குடு, படிச்சிட்டியா இல்லியான்னும் நீயே பாத்து சொல்லுன்றான். ஆட்ட கூப்ட்டு, எந்த கொல்லையில மேயறேன்னு கேக்கற மாதிரி. அதுக்குப் பேரு யுனிவர்சிட்டி.

எழுந்துக்காதீங்க சார், சன்னலு உங்களுக்கே இருக்கட்டும். இந்தப் பொட்டிய மடியில வெச்சிக்கினா போதும் எனக்கு. கிளாரினெட்டு. கீழ வெச்சா எவனாவது மெறிச்சிடுவான். உங்க மடியில அது என்னா, வாழ எலையில சுத்தி... மாலையா? விசேஷமா? நல்லது. விசேஷத்துக்குப் போறவரு மொகம் ஏன் இப்டி உம்முனு இருக்குது, புழுக்கமா? பஸ்சு கெளம்பனா காத்து வரும். திண்டிவனம்தானே டிக்கெட்டு? நானும் அங்கதான். ஒரு மணி நேரம் பேச்சுத்தொணைக்கு ஆச்சு.

என் பேரு சவுரிராயன். விழுப்புரம் ஜெயஜோதி பேண்டு செட்டுன்னா கோலியனூர்லேர்ந்து அனந்தபுரம் வரைக்கும் தெரியாதவங்க இல்ல. கல்யாணத்துக்கும் நாங்கதான், சாவுக்கும் நாங்கதான். ரெண்டுக்கும் ஒரே கோட்டு. கல்யாணம்னா பொத்தான போடுவோம், சாவுன்னா கழட்டி வுடுவோம், அவ்ளோதான் வித்தியாசம்.

எம் புள்ள இருதயராஜு டிரம்பெட்டு. பன்னண்டாவதுல கணக்குல மூணு தபா பெயிலு. நாலாவது தபா போனா பரீட்ச ஹாலு பெஞ்சே அவன பாத்து, வா தம்பி, ஒக்காருன்னு சொல்லும், அப்டி ஒரு பழக்கம். அவனப் போயி அமெரிக்காவுல கூப்ட்டு, பீசும் வாணாம், சோறும் போடறோம்னு படிக்க வெச்சிருக்கான். என்னா படிப்பு? ஜாஸ்.

ஜாஸ்னா என்னான்னு உங்களுக்குந் தெரியாதா? நல்லதாப் போச்சி, எனக்குந் தெரியாது. கேசட்டு ஒண்ணு அனுப்பனான். சிக்கந்தர் பாட்சா கடையில, அவரு மச்சான் துபாய்லேர்ந்து எடுத்தாந்த டேப்ரெக்கார்டர்ல போட்டு, செட்டு மொத்தமும் சுத்தி ஒக்காந்து கேட்டோம். அஞ்சு பேரு வாசிக்கறாங்க. அஞ்சு பேரும் அஞ்சு கல்யாணத்துல இருக்கற மாதிரி இருக்குது. ட்ரம்முகாரன் ட்ரம்ம அடிக்கவே இல்ல, தொடப்பத்தால கூட்டிக்கினு இருக்கான். எங்க பெரிய ட்ரம்மு முருகையன் கேட்டுட்டு, அண்ணே, இவங்களுக்கு சோறு போட்டாங்களா இல்லியான்னான். சிக்கந்தர் பாட்சா கண்ண மூடிக்கினு கேட்டாரு. பரவால்ல, ரசிக்கறாருன்னு பாத்தா, நாடா சிக்கிக்கிச்சி போல, குடுங்க, பென்சில் வுட்டு சுத்தித் தர்றேன்னாரு.

எனக்கு மட்டும் ஒரு எடத்துல... ஒரு டிரம்பெட்டு தனியா போயி, வழி தெரியாம நின்னு, அப்பால ஏதோ ஒரு சந்துல பூந்து வந்து மத்தவங்களோட சேந்துது பாருங்க. அது எம் புள்ளதான். அந்த சந்து நான் காட்டுனது. சரி, அத வுடுங்க.

படிப்பு என்னா தெரியுமா? மொத ஆறு மாசம் மறக்கறது. ஒரு பாட்ட நல்லா கத்துக்கினு அப்பால அத மறக்கணுமாம். அதுக்கு லைப்ரரில பொஸ்தகம் தேடி இருக்கான், கெடைக்கல. கெடைக்கலன்னா என்னா, நீயே எழுதிடுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த ஆறு மாசம், மறந்தது வெளிய தெரியாம பாத்துக்கறது. அதுக்கு மேல மூணு முழு வருஷம், பக்கத்து ஆளு மறந்துட்டா மூஞ்ச பாத்தே கண்டுபுடிச்சி, அவன இஸ்துக்கினு வந்து பல்லவியில சேக்கறது. இந்த மொத்தத்துக்கும் இங்கிலீசு எழுத்துல பேரு வெச்சிருக்கான் சார், ஒப்பேத்தல்னு. நான் வெளையாட்டுக்கு சொல்லல. பாட்டு தெரியாதப்ப ஒப்பேத்தறோமே, அதான். சர்டிபிகேட்ல வரப்போவுது. ஒப்பேத்தறதுக்கு பட்டம் குடுக்கறதுன்னா நம்ம நாட்டுல ஆபீசு ஆபீசா எல்லாம் எம்.ஏ.தான்.

மார்க்கு? மார்க்கெல்லாம் கெடையாதாம். நான் இன்னின்னது கத்துக்கினேன்னு அவனே ஒரு கடுதாசி எழுதி குடுக்கணுமாம். கணக்குப் பரீட்சைக்கும் இப்டி ஒரு கடுதாசி வாங்கி இருந்தாங்கன்னா எம் புள்ள இன்னேரம் கலெக்டரு.

இப்ப பேஜாரு என்னான்னா, அந்த படிப்பு முடியணும்னா மூணு பேரு கையெழுத்து போடணும். ரெண்டு பேரு போட்டுட்டாங்க. மூணாவது ஆளு பெரிய புரொபசரு, தாடிக்காரத் தொர. அவரு என்னா சொல்லிட்டாரு, பையன் எழுதி இருக்கறதெல்லாம் சரி, இந்த ஒப்பேத்தல் பரம்பரையோட குரு பிரம்மதேசத்துல இருக்காருன்னு எழுதி இருக்குதே, நான் நேர்ல போயி அவர ஒரு கும்புடு போட்டு, ஒரு போட்டோ புடிச்சிக்கினு வந்துதான் கையெழுத்து போடுவேன்னுட்டாரு. சொன்னதோட இல்ல, கெளம்பியும் வந்துட்டாரு. இன்னிக்கி ரெண்டு மணிக்கு மெட்ராசு பஸ்சுல வந்து திண்டிவனத்துல எறங்கறாரு. தந்தி பாக்கெட்ல இருக்குது, பாருங்க, வேர்வையில நனைஞ்சி அப்பளமா இருக்குது.

குருவ பாத்துட்டாருன்னா இருதயராஜுக்கு பட்டம். அந்த காலேஜிலியே வாத்தியார் வேலயும் எடுத்து வெச்சிருக்காங்க. பாக்கலேன்னா நாலு வருஷமும் தண்ணில எழுதனதுதான், ஏரோப்ளேன் டிக்கெட்ட கையில குடுத்து அனுப்பிடுவாங்க. வந்து? மறுபடியும் அந்த செவப்பு கோட்ட மாட்டிக்கினு எம் பின்னாடி நிப்பான். அவன விட வயசுல சின்னவன் ஒர்த்தன் வந்து, டேய், ஊதுடான்னுவான்.

குருவா? குருவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். பிரம்மதேசத்துல சோழ ராசா காலத்து கோயிலு இருக்குது, ஏரி இருக்குது, மல்லாட்ட கொல்ல இருக்குது. குரு கெடையாது.

அப்ப யாரு அந்தப் புளுக கெளப்பி வுட்டதுன்னு பாக்கறீங்க. பாக்கறீங்க, எனக்குத் தெரியுது. அது யாரா இருந்தா என்னா இப்ப... முண்டியம்பாக்கம் வந்துடிச்சி பாருங்க. சக்கர ஆல கரும்பு வாசன வருதா? இந்த வாசனைக்கு ஒரு தபா எங்க கிளாரினெட்டுல எறும்பு பூந்து, ஒரு மாப்ள வூட்ல நான் வாசிக்க வாசிக்க எறும்பும் சேந்து ஊர்கோலம் போச்சி. பொண்ணோட பாட்டி அத ஆசீர்வாதம்னு சொல்லி எனக்கு ஒரு வேட்டி குடுத்தாங்க. நம்பலன்னா வுடுங்க. வேட்டி வூட்ல இருக்குது.

சரி, சொல்லிடறேன். இவ்ளோ நேரம் வாயத் தொறக்காம கேக்கறீங்க, உங்ககிட்ட மறைச்சா பாவம்.

எம்பத்திரெண்டு, வைகாசி மாசம். அந்தத் தொர பாண்டிச்சேரி வண்டிய வுட்டுட்டு விழுப்புரம் ஜங்ஷன் வாசல்ல நின்னுக்கினு இருக்காரு. ஸ்டேஷன் தெருவுல மாப்ள அழைப்பு. பொண்ணு வூட்ல புதுப் படத்து பாட்டு ஒண்ணு கேட்டுட்டாங்க. முந்தா நாளு வந்த படம் சார், நாங்க ஒரே ஒரு ஆட்டம் பாத்திருக்கோம். பல்லவி வந்துடிச்சி, சரணம் வரல. நான் இருதயராஜ பாக்கறேன், அவன் என்ன பாக்கறான், முருகையன் வானத்த பாக்கறான். பேண்டுல ஒரு சட்டம் இருக்குது, காத்து நிக்கக் கூடாது. காத்து நின்னா மாப்ள காலு நிக்கும், மாப்ள காலு நின்னா ஊர்கோலம் நிக்கும், அப்பால பொண்ணோட தாய்மாமன் வந்து நம்ம முன்னாடி நிப்பான். அதனால ஊதனோம். வாயில வந்தத, வெரலு போன எடத்துல, ஒரு தெரு முழுக்க. ஆர்மோனியத்து மேல எலி ஓடனா மாதிரி. கோமுட்டி கட முக்குல எப்டியோ பல்லவி கையில மாட்டிச்சி, புடிச்சிக்கினு கரை ஏறிட்டோம். தாய்மாமன் வந்தான். இது அந்த படத்துல எங்கடா வருதுன்னான். இன்னும் வரல சார், அடுத்த மாசம் சேக்கறாங்கன்னேன். போயிட்டான்.

தொர போவல. கையில டேப்ரெக்கார்டர வெச்சிக்கினு, கண்ணுல தண்ணி நிக்க நிக்கறாரு. இது என்னாதுன்னு கேட்டாரு. மிஷன் ஸ்கூல்ல எட்டாவது படிச்ச இங்கிலீசு எனக்கு இருக்குது. ஒப்பேத்தல்னேன். அது பொய் இல்ல பாருங்க, அது வரைக்கும் நான் உண்மதான் பேசனேன். அப்பால அந்த மனுசன் நேரா கல்யாணப் பந்தலுக்குள்ள போயி, ஒரு இரும்பு நாற்காலிய தூக்கிக்கினு வந்து நடுத்தெருவுல போட்டு, ஒக்காருங்கன்னாரு. ஒக்காருங்க, உங்க குரு யாருன்னு கேட்டாரு.

முப்பத்தாறு வருஷம் வாசிச்சிருக்கேன் சார் அப்ப. என்னா ரேட்டுன்னு கேட்டிருக்காங்க. எத்தினி ஆளு, சோறு எலையிலியா பொட்டலமான்னு கேட்டிருக்காங்க. எவன்கிட்ட கத்துக்கினேன்னு ஒர்த்தன் கேட்டதில்ல. நான் எவன்கிட்டயும் கத்துக்கல, டூரிங் டாக்கீசு கீத்துக்கு வெளிய நின்னு கத்துக்கினது. அத சொல்லி இருக்கலாம். நாற்காலிய பாத்தேன். கல்யாண வூடு மொத்தமும் பாத்துக்கினு இருக்குது. ஒக்கார தைரியம் வரல சார். நின்னுக்கினே பொய் சொல்ல தைரியம் வந்துடிச்சி.

எதுத்தாப்ல ஒரு பஸ்சு போச்சி, போர்டுல பிரம்மதேசம்னு இருந்துது. எங்க குரு பிரம்மதேசத்துல இருக்காருன்னேன். போர்டுல கடலூர்னு இருந்திருந்தா கடலூரு. பதினாறு தலமொறன்னேன். கோயில்ல கல்வெட்டு இருக்குதுன்னேன், அந்த எழுத்த அங்க மேயற ஆடுதான் தெனம் படிக்குது, வேற யாருக்கும் தெரியாது. கிளாரினெட்டு வெள்ளைக்காரன் கொண்டாந்ததாச்சேன்னு கேட்டாரு. அதுக்கு முன்னாடி மூங்கில்ல இருந்துதுன்னேன். அவரு வேற எழுதிக்கறாரு சார். எழுதிக்கற ஆள பாத்தா பொய்யி நிக்குமா? மடை தொறந்தா மாதிரி போயிக்கினே இருக்குது. குருவ பாக்கணுமேன்னாரு. அவரு பன்னண்டு வருஷ மௌன விரதத்துல இருக்காரு, இன்னும் நாலு வருஷத்துக்கு யாரையும் பாக்க மாட்டாருன்னேன். எவ்ளோ மரியாதையா தலைய ஆட்னாருன்றீங்க.

அப்ப இருதயராஜு பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தான். டிரம்பெட்ட தொடச்சிக்கினே கேட்டுக்கினு இருந்தான். அவனத்தான் கூப்ட்டுக்கினு போனாரு. இப்ப லெட்டரு போட்டிருக்கான் பாருங்க, மனப்பாடம் எனக்கு: “அப்பா, நீ சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஆனா நாலு வருஷமா அத ஒழுங்கா படிச்சிட்டேன், இப்ப எனக்கு அது பொய்யா தெரியல. குருவ மட்டும் நீ பாத்துக்க.” குருவ மட்டும் நீ பாத்துக்க. என்னமோ அரிசி மூட்டைய எறக்கி வெய்யின்ற மாதிரி.

ஒரு மாசமா தேடறேன் சார் குருவ. மயிலத்துல ஒரு சாமியார கேட்டேன், ஒரு மணி நேரம் பேசாம ஒக்காருங்க, போதும்னு. முடியாது, பேசறதுக்கு ஆளு இல்லாமத்தான் நான் வூட்டையே வுட்டு வந்தேன்னுட்டாரு. முருகையனுக்கு பொய்த் தாடி வெச்சி பாத்தோம். தாடிக்குள்ள சிரிக்கறான். விக்கிரவாண்டியில ஒரு கெழவரு ஒத்துக்கினாரு, ஆனா அவருக்கு விக்கலு. மௌன குருவுக்கு விக்கல் வரலாமா?

இதோ விக்கிரவாண்டி. டீ குடிக்கிறீங்களா? வாணாமா. நானும் எறங்கல, எறங்கனா நீங்க எடம் மாறிடுவீங்க. கேலிக்கு சொன்னேன்.

காலையில ஆறு மணிக்கு மாதா படத்துக்கு முன்னாடி நிக்கறேன். தாயே, ஒரு குருவ அனுப்புன்னு. கதவத் தட்றாங்க. யாரு? பிரம்மதேசத்துலேர்ந்து ஆளு. மிராசு பச்சைமுத்து போயிட்டாரு, பேண்டு வேணும்றான். மாதா பாருங்க, பிரம்மதேசத்துலேர்ந்தே அனுப்பி இருக்கா.

எம்பத்திரெண்டு வயசு, கல்யாணச் சாவு. செட்ட மொத பஸ்சுலியே அனுப்பிட்டேன். மிராசு பச்சைமுத்துவ உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. அந்தப் பக்கத்துல ஏரிக்கு கீழ பாதி நெலம் அவருது. இருவத்திரெண்டு வருஷம் முன்னாடி அவரு அறுபதாங் கல்யாணத்துக்கு நாங்கதான் வாசிச்சோம். காலையில ஆறு மணிலேர்ந்து வாசிச்சிட்டு, பன்னண்டு மணிக்கு பந்தல் ஓரமா ஒரு பெஞ்சுல ஒக்காரப் போனேன். பாத்துட்டாரு. காத்த ஊதறவன் காத்தோட்டமா வெளியவே நிக்கட்டும்னாரு. ஆயிரம் பேரு சிரிச்சாங்க சார். நானும் சிரிச்சேன். சிரிக்கலன்னா அடுத்த கல்யாணம் வராது.

எங்களையாவது வுடுங்க, கூலிக்கு வந்தவங்க. அவரு சின்னப் பொண்ணு கிருஷ்ணவேணி, வாக்கப்பட்ட எடம் அவருக்குப் புடிக்கல. அது புருசன கூப்ட்டுக்கினு வந்திருந்துது. பொண்ண உள்ள வுட்டாரு, மாப்ளய கேட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்திட்டாரு. பாவம், இளவட்டம், தலையில அவ்ளோ முடி, இஸ்திரி போட்ட சட்ட. மத்தியானம் வரைக்கும் எங்களோடதான் வெயில்ல நின்னுது. நான்தான் முருகையன் ட்ரம்மு பொட்டிய கவுத்து போட்டு, ஒக்காருங்க தம்பின்னேன். ஒக்காந்துது. எங்களோடவே மண்ணுல எல போட்டு சாப்டுது. அதுக்கு அப்பால அந்தக் கேட்ட தாண்டவே இல்லியாம்.

எங்க வுட்டேன்... ஆங், குரு. அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்கு தெரியும் இல்ல? வயசாகி செத்தவங்கள குளிப்பாட்டி, பட்டு கட்டி, நாற்காலில ஒக்கார வெச்சி, குடும்பத்தோட போட்டோ புடிக்கறது. தாவாக்கட்டைய ஒரு துணியால கட்டி வுட்டுருவாங்க. மூணு மணிக்கு போட்டோகாரன் வர்றான். அந்த நேரம் பாத்து தொரய கூட்டிக்கினு போறேன். அதோ பாருங்க எங்க குரு, இன்னிக்கி காலையிலதான் மௌன விரதத்த பூரணமா முடிச்சிட்டாருன்னு சொல்றேன். தொர ஒரு கும்புடு போடுவாரு. எங்க செட்டு சுத்தி நின்னு வாசிக்கும், பரம்பரைக்கு அத விட என்னா சாட்சி? கேள்வி கேக்க முடியாது, கேட்டாலும் குரு மாத்தி சொல்ல மாட்டாரு. தாடிதான் இல்ல, மீச இருக்குது, அது போதும்.

எனக்கு நாற்காலி குடுக்காத மனுசன், இன்னிக்கி நாற்காலில ஒக்காந்துக்கினு எம் புள்ளைக்கு பட்டம் குடுக்கப் போறாரு. பேண்டுகாரன் பரம்பரைக்கு பதினாறாவது குரு மிராசு பச்சைமுத்து. அமெரிக்காவுல பொஸ்தகத்துல போட்டோவோட வரும். அவரு ஆவி எங்கனா நின்னு பாத்துக்கினு இருந்தா, காத்தோட்டமா வெளியவே நிக்கட்டும்.

ஒரே ஒரு பயம்தான் சார். அந்த வூட்டு ஆளுங்க காதுல இது வுழுந்துடக் கூடாது. வுழுந்தா என்னையும் கிளாரினெட்டையும் சேத்து கட்டி ஏரில போட்டுடுவாங்க, தொர அத வேற டேப்புல புடிச்சிக்குவாரு. எம் பொண்டாட்டிக்கு கூட சொல்லல. நீங்க யாரோ எவரோ, மனசுல இருந்தத கொட்டிட்டேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டனதே தெரியல, திண்டிவனம் வந்துடிச்சி. பாத்து எறங்குங்க, படி ஒடஞ்சிருக்குது. சரி சார், நான் அந்தப் பக்கம் நிக்கறேன், தொர... எங்க அந்த வண்டிகிட்ட போறீங்க? சார், அது பிரம்மதேசம் பஸ்சு. உங்களுக்கு எந்த ஊருக்கு...

பிரம்மதேசமா.

அப்ப இந்த மால... கல்யாணத்துக்கு இல்லியா.

யாருக்கு ஒறவுன்னு... சின்ன... கிருஷ்ணவேணியம்மா காலையிலியே வந்துட்டாங்களா. நீங்க பின்னாடி வர்றீங்க. ஓ.

தலையில முடி இல்லாததுனால எனக்கு அடையாளம் தெரியாம...

சார், நான் சொன்னதெல்லாம் ஒரு நாடகத்துக்கு எழுதிக்கினு இருக்கற கத. அதுல வர்ற மிராசு வேற, உங்க மாமனாரு வேற. தங்கமான மனுசன் அவரு. பெஞ்சுல ஒக்கார வாணாம்னு சொன்னது கூட, அது கால் ஆடற பெஞ்சி, நான் வுழுந்துடுவேன்னு... சார், எம் புள்ளைக்காக. வூட்ல சொல்லிடாதீங்க. என்ன வேணும்னா கேட்டுல நிக்க வெய்யுங்க, எனக்கு பழக்கந்தான். ஏதாவது பேசுங்க சார், இவ்ளோ நேரம் பேசாம இருந்தது வேற, இப்ப பேசாம இருக்கறது வேற.

என்னா? ட்ரம்மு பொட்டியா? ஆமாங்க, அதே பொட்டிதான், இன்னும் முருகையன் வெச்சிருக்கான். இன்னிக்கும் எடுத்தாந்திருக்கான்.

என்னா கேட்டீங்க? அந்த பஸ்சுக்காரன் ஆரன அடிச்சிக்கினு இருக்கான், காதுல வுழல, இன்னொரு தபா சொல்லுங்க... மாமனாரு கையில எந்த வாத்தியத்த வெச்சி போட்டோ புடிக்கறதுன்னா?

கிளாரினெட்டுதாங்க. இந்தாங்க, மாலைய இப்டி குடுங்க, நான் புடிச்சிக்கறேன். பொட்டிய நீங்க புடிங்க.